நூறு பக்கம் தாண்டியும் கதை ஒட்டவில்லையா?

வாசகர் கேள்வி – பதில்

தடித்த ஃபேன்டசி நாவலைப் பாதியில் மூடி வைப்பது பற்றி இந்த முறை நிறையக் கடிதங்கள் வந்திருக்கின்றன. தலைநகரிலிருந்தும் பினாங்கிலிருந்தும் வந்தவற்றில் சிலவற்றுக்கு இங்கே பதில். நாவல்களின் பெயர் வரும் இடங்களில் கதைத் திருப்பம் எதையும் உடைக்கவில்லை, தயங்காமல் படிக்கலாம்.

கேள்வி: 79 வெள்ளி கொடுத்து 820 பக்க ஆங்கில ஃபேன்டசி நாவல் ஒன்று வாங்கினேன். மூன்று வாரத்தில் 140 பக்கம்தான் நகர்ந்திருக்கிறது. கையில் எடுக்கவே மனம் வரவில்லை. காசு போட்டாகிவிட்டதே என்று பார்க்கிறேன். எத்தனை பக்கம் வரை பொறுத்துப் பார்க்கலாம்?
– வாசகி, செந்தூல்

முதலில் காசை ஒதுக்கி வையுங்கள், சகோதரி. அந்த 79 வெள்ளி கடையிலேயே போய்விட்டது. படித்து முடித்தாலும் திரும்பாது, மூடி வைத்தாலும் திரும்பாது. இனி நீங்கள் கொடுக்கப்போவது நேரம் மட்டும்தான். மிச்சம் 680 பக்கம். மணிக்கு 25 முதல் 30 பக்கம் என்று வைத்துக்கொண்டால் ஏறக்குறைய 25 மணி நேரம். இதே நாவலை இன்று யாராவது சும்மா கொடுத்து, 140ஆம் பக்கத்திலிருந்து படி என்றால், அந்த 25 மணி நேரத்தைக் கொடுப்பீர்களா? இந்தக் கேள்விக்கு வரும் பதிலை நம்பலாம்.

காசு நம்மை எப்படி இழுக்கிறது என்பதை ஹால் ஆர்க்ஸ், கேத்தரின் பிளூமர் என்ற இரு ஆய்வாளர்கள் 1985இல் எழுதிய கட்டுரையில் காட்டியிருக்கிறார்கள். ஓஹையோ பல்கலைக்கழகத்தில் நாடக சீசனுக்கு டிக்கெட் வாங்க வந்தவர்களில் சிலருக்கு முழு விலை, சிலருக்குத் தள்ளுபடி விலை. யாருக்கு எது என்பதை அவர்கள் தேர்ந்தெடுக்கவில்லை. சீசனின் முதல் பாதியில் முழு விலை கொடுத்தவர்களே அதிக நாடகங்களுக்குப் போனார்கள். நாடகம் எல்லோருக்கும் ஒன்றுதான். கொடுத்த காசுதான் கூடுதலாக நடக்க வைத்தது.

இனி பக்கக் கணக்கு. அமெரிக்காவில் சியாட்டல் நகர நூலகராக இருந்த நான்சி பேர்ல் சொன்ன விதி பரவலாகப் பேசப்படுவது. 50 வயதுக்கு உட்பட்டவர் 50 பக்கம் படித்துப் பார்க்கலாம்; அதைத் தாண்டியவர் 100இலிருந்து தம் வயதைக் கழித்து, வருகிற எண்ணிக்கை வரை படித்தால் போதும். 62 வயதுக்காரருக்கு 38 பக்கம். குடும்ப நாவலுக்கும் துப்பறியும் நாவலுக்கும் இது நன்றாகப் பொருந்தும். தடித்த ஃபேன்டசிக்கு இதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. கோலாலம்பூரில் நடக்கும் கதையில் எல்.ஆர்.டி. என்றால் என்ன என்று யாரும் விளக்க வேண்டியதில்லை. இல்லாத ஓர் உலகத்தில் நடக்கும் கதையில் காசு, சாமி, ஆட்சி, மந்திரத்தின் விலை எல்லாவற்றையும் எழுத்தாளர் முதலில் நட்டாக வேண்டும். அந்த நடவுக்கு இடம் கொடுக்கத்தான் வேண்டும். மொத்தப் பக்கத்தில் 15 விழுக்காடு நியாயமான அளவு. உங்கள் நாவலுக்கு அது 123 பக்கம். நீங்கள் அதைத் தாண்டிவிட்டீர்கள்.

ஆனாலும் உடனே மூடிவிட வேண்டாம். உங்கள் கடிதத்திலேயே இன்னொரு கணக்கு இருக்கிறது. 21 நாளில் 140 பக்கம் என்றால் ஒரு நாளைக்கு ஆறேழு பக்கம். வேலை முடிந்து வந்து, சமைத்து, தூங்கப்போகும்போது படிக்கிற பக்கங்கள் என்று தோன்றுகிறது. ஒரு நாவலை ஆறு பக்கம் ஆறு பக்கமாகப் படித்தால் முந்தாநாள் வந்த ஆள் இன்று அந்நியனாகிவிடுகிறான். காட்சி சூடு பிடிக்கும்போது கண் சொருகுகிறது. எவ்வளவு நல்ல நூலும் இப்படிப் படித்தால் சவசவ என்றுதான் இருக்கும். ஆகவே ஒரு ஞாயிற்றுக்கிழமை பசியாறிய பிறகு ஒரு மணி நேரம், மாலையில் ஒரு மணி நேரம் உட்காருங்கள். 190ஐ ஒட்டி வந்துவிடுவீர்கள்.

அந்த இரண்டு மணி நேரமும் கையில் பென்சில் இருக்கட்டும். யாராவது ஒரு முடிவு எடுத்தாலோ, ஒரு காரியம் செய்தாலோ, பக்க ஓரத்தில் ஒரு புள்ளி வையுங்கள். எழுத்தாளர் வரலாறோ வம்சமோ விளக்கினால் ஒரு கோடு. நூலில் கிறுக்க மனம் இல்லையென்றால் தனித்தாளில் குறித்துக்கொள்ளலாம். பத்துப் பத்துப் பக்கமாக எண்ணிப் பாருங்கள். புள்ளிகள் கூடிக்கொண்டே வந்தால் நடவு முடிந்து கதை தொடங்கிவிட்டது என்று பொருள், தொடருங்கள். 190ஆம் பக்கத்திலும் கோடுகள்தான் நிறைந்திருக்கின்றன என்றால் அது அந்த எழுத்தாளரின் இயல்பு. 400இல் மாறும் என்று எதிர்பார்க்க வேண்டாம். சந்தேகம் தீரவில்லையா? நூலின் நடுவில் ஏதாவது ஒரு பக்கத்தைத் திறந்து, நான்கு பக்கம் இதே புள்ளி, கோடு போட்டுப் பாருங்கள். ஒரு சின்ன ரகசியம் கண்ணில் பட்டாலும் 25 மணி நேரம் மிச்சமாகும்.

கடைசியாக ஒன்று. நூலை மூடி வைத்துவிட்டு, வீட்டில் யாரிடமாவது கதையை மூன்றே வாக்கியத்தில் சொல்லுங்கள். ஆள் பெயரும் ஊர்ப் பெயரும் வரக் கூடாது. "ஒருத்திக்கு இன்னது வேண்டும், இன்னது தடுக்கிறது, அதனால் இன்னது செய்கிறாள்" என்று வாயில் வந்தால் கதை உங்களுக்குள் இறங்கியிருக்கிறது. "ஐந்து நாடு இருக்கு, அதில் ஒரு பழைய போர்" என்பதைத் தாண்ட முடியவில்லை என்றால் தயங்காமல் மூடுங்கள். பிடிக்காத நூல் ஒன்று தலைமாட்டில் கிடந்தால் வேறு நூலையும் எடுக்க விடாது. மூன்று வாரம் மூன்று மாதமாகும். நாங்கள் அஞ்சுவது அதற்குத்தான்.

கேள்வி: பெயர்கள்தான் என்னை விரட்டுகின்றன. முதல் 60 பக்கத்தில் 30 பெயர். முன்னால் வரைபடம், பின்னால் வம்சாவளி, கலைச்சொல் பட்டியல். முன்னும் பின்னும் புரட்டுவதில் கதை கைநழுவுகிறது. தவறு என்னிடமா, நூலிலா?
– வாசகர், ஆயர் ஈத்தாம்

பாரதம் கேட்டு வளர்ந்த காதுக்குப் பெயர்க்கூட்டம் புதிதில்லை, ஐயா. அர்ச்சுனன் ஒருவனே பார்த்தன், விசயன், தனஞ்சயன் என்று மாறி மாறி வருகிறான், நாம் தடுமாறுவதில்லை. ஒவ்வொரு பெயரும் ஒரு செயலையோ ஒரு பொருளையோ கையில் பிடித்துக்கொண்டு வருவதுதான் காரணம். கர்ணன் என்றதும் கவச குண்டலம். சகுனி என்றதும் பகடை. தேர்ந்த ஃபேன்டசி எழுத்தாளரும் இதைத்தான் செய்வார். தேராதவர், வடக்கே இன்னார் ஆள்கிறார், அவர் தகப்பன் இன்னார், அவர்களுக்கும் தெற்கத்தியாருக்கும் பகை என்று பட்டியல் போடுவார். 30 பெயர் என்பது குற்றமில்லை. 30 பெயரும் வெறுங்கையோடு வந்தால் குற்றம்.

சோதிக்க ஒரு வழி: ஓர் ஏ4 தாளை நீளவாக்கில் இரண்டாகக் கிழித்து, ஒரு பாதியை மடித்துப் பக்க அடையாளமாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பெயர் மூன்றாவது தடவை வந்தால் மட்டும் அதில் ஏற்றுங்கள். ஆங்கிலத்தில் எழுத வேண்டாம். உங்கள் வாயில் எப்படி வருகிறதோ அப்படியே தமிழில் எழுதுங்கள். ஆங்கிலத்தில் படிக்கும்போது கண் முதலெழுத்தையும் சொல்லின் உருவத்தையும் பார்த்துவிட்டு ஓடிவிடும். 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' நாவலில் சௌரான், சாருமான் என்ற இருவரைப் புதிதாகப் படிப்பவர்கள் குழப்பிக்கொள்வது இதனால்தான். தமிழில் எழுதும்போது நாக்கு ஒருமுறை சொல்லிப் பார்க்கிறது. பெயர் பிரிந்து நிற்கிறது. பெயருக்குப் பக்கத்தில் அந்த ஆள் செய்த ஒரு காரியத்தை எழுதுங்கள்: "கதவைத் திறக்க மறுத்தவள்", "குதிரையை விற்றவன்". யார் மகன், எந்த நாட்டு இளவரசன் என்பதெல்லாம் தாளில் இருக்கும், தலையில் நிற்காது.

100 பக்கம் முடிந்ததும் தாளைப் பாருங்கள். ஏழெட்டுப் பெயர், ஒவ்வொன்றுக்கும் ஒரு காரியம் என்று இருந்தால் நூல் தன் வேலையைச் செய்திருக்கிறது. பெயர் இருந்தும் எழுத ஒரு காரியம் கிடைக்கவில்லையா, நூலை விடலாம்.

பின்னால் இருக்கும் பட்டியலைக் கதை பாதியாகும் வரை தொடாதீர்கள். யார் யாரை மணந்தார், யார் எப்போது மாண்டார் என்று அங்கே பச்சையாகப் போட்டிருப்பார்கள்.

இன்னொரு வகையும் உண்டு. ஸ்டீவன் எரிக்சனின் பத்துப் பாக 'மலாசான்' வரிசையின் முதல் நாவல், 1999இல் வந்தது, எதையும் விளக்காமல் நடந்துகொண்டிருக்கும் போருக்குள் நம்மைத் தள்ளிவிடும். அங்கே புரியாமல் தவிப்பது வாசகரின் குறையன்று. எழுத்தாளர் வேண்டுமென்றே வைத்த வாசல் அது. அந்த வாசல் பிடிக்காவிட்டால் 100 பக்கத்துக்குள் விட்டுவிடுவதே நல்லது, ஏனென்றால் பத்துப் பாகமும் அந்தப் போக்குதான்.

கேள்வி: 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' நாவலை மூன்று தடவை தொடங்கி மூன்று தடவையும் விட்டேன். எல்லோரும் கொண்டாடும் நூலைப் பிடிக்கவில்லை என்று சொல்லக் கூச்சமாக இருக்கிறது.
– கல்லூரி மாணவி, பிரிக்ஃபீல்ட்ஸ்

கூச்சம் வேண்டாம், தங்கச்சி. எங்கே விட்டீர்கள் என்பதுதான் முக்கியம். முன்னுரையில் என்றால் நீங்கள் இன்னும் நாவலைத் தொடங்கவே இல்லை. கதையில் வரும் ஹாபிட் என்ற குள்ள இனத்தாரின் பழக்கவழக்கம், புகையிலை, பழைய ஆவணங்கள் பற்றிய பகுதி அது. அதை அப்படியே தாண்டி முதல் அத்தியாயத்துக்குப் போகலாம். மோதிரம் என்ன, ஏன் ஆபத்து என்பது இரண்டாம் அத்தியாயத்தில்தான் தெரியவரும். அதைப் படிக்காமல் முடிவெடுக்க வேண்டாம். இடையிடையே வரும் பாடல்கள் கால் கட்டினால் அவற்றைத் தாண்டுங்கள், கதை அறுந்துபோகாது.

இன்னொரு குழப்பமும் நடக்கிறது. 1954லும் 1955லும் இது மூன்று புத்தகங்களாக வெளிவந்ததால் பலர் மூன்று தனி நாவல் என்று நினைத்து, முதலாவது முடிவில்லாமல் நிற்கிறதே என்று ஏமாந்து விடுகிறார்கள். டோல்கீன் எழுதியது ஒரே நாவல். முதல் புத்தகம் அதில் மூன்றில் ஒரு பங்கு, அவ்வளவுதான்.

எல்ராண்டின் ஆலோசனைச் சபை என்று ஒரு நீண்ட அத்தியாயம் வரும். அதுவரை வந்த பிறகும் மலை, காடு, நடை, பழைய கதைகளின் எதிரொலி இதெல்லாம் உங்களைத் தொடவில்லை என்றால் மனநிறைவோடு மூடிவிடுங்கள். அந்த நாவலை நேசிப்பவர்கள் நேசிப்பது அதையேதான். சண்டை வரும், சண்டை வரும் என்று காத்திருந்து படிக்கிற நூல் அன்று அது.

கேள்வி: 14 பாக 'தி வீல் ஆஃப் டைம்' வரிசையில் 9 பாகம் முடித்து 10ஆம் பாகத்தில் சிக்கி நிற்கிறேன். ஒரு வருஷமாகிறது. ஒரு பாகத்தைத் தாண்டிப் படித்தால் கதை புரியுமா, அல்லது மொத்தமாக விட்டுவிடவா?
– வாசகர், பட்டர்வொர்த்

நீங்கள் நிற்கும் இடத்தில் உலகம் முழுக்கப் பலர் நின்றிருக்கிறார்கள். அதற்குக் கட்டமைப்பிலேயே காரணம் உண்டு. 9ஆம் பாகத்தின் கடைசியில் மிகப் பெரிய நிகழ்வு ஒன்று நடக்கிறது. 10ஆம் பாகமோ அந்த நேரத்தில் மற்ற பாத்திரங்கள் எங்கே இருந்தார்கள், என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்பதையே பெரும்பாலும் சொல்கிறது. வாசகர் முன்னே போக ஆசைப்படும்போது கதை பின்னால் போய் நிற்கிறது. உங்கள் பொறுமையில் குறை இல்லை.

9 பாகம் விரும்பிப் படித்தவர் இங்கே விடக் கூடாது என்றே சொல்வோம். ஆனால் 10ஆம் பாகத்தை வரி விடாமல் படிக்க வேண்டியதும் இல்லை. இப்படிச் செய்யுங்கள். இந்த வரிசையில் ஒவ்வொரு அத்தியாயமும் பெரும்பாலும் ஒருவர் கண்வழியே செல்லும். உங்களுக்கு மிகப் பிடித்த இரண்டு மூன்று பாத்திரங்களின் அத்தியாயங்களை மட்டும் முழுதாகப் படியுங்கள். மற்றவற்றில் முதல் இரண்டு பக்கம், கடைசி இரண்டு பக்கம். கடைசி அத்தியாயங்களை முழுதாகப் படியுங்கள். பிறகு பாகச் சுருக்கம் ஒன்றைத் தேடிப் படித்துவிட்டு 11க்குப் போங்கள். சுருக்கத்தை முதலில் படித்தால் அந்தப் பாகத்தைத் தொடவே தோன்றாது, ஆகவே வரிசை மாற வேண்டாம். அங்கிருந்து கதை வேகமெடுக்கிறது.

12, 13, 14ஆம் பாகங்களில் நடை மாறியிருப்பதை உணர்வீர்கள். முதல் பாகம் 1990இல் வந்தது. ஆசிரியர் ராபர்ட் ஜோர்டன் 2007இல் காலமானார். அவர் விட்டுச்சென்ற குறிப்புகளையும் எழுதி வைத்த பகுதிகளையும் கொண்டு பிராண்டன் சாண்டர்சன் எழுதி, 2013இல் வரிசை நிறைவுற்றது. வாக்கியங்கள் குட்டையாகும், பாத்திரங்களின் பேச்சில் சற்று வேறு வாடை அடிக்கும். அது இரண்டு கைகளின் வேறுபாடு என்று தெரிந்து படித்தால் உறுத்தாது.

3ஆம் பாகத்திலேயே சலித்தவர் கேட்டிருந்தால் எங்கள் பதில் வேறு. மூன்று பாகம் படித்தும் பிடிக்காத வரிசையை அடுத்த பதினொன்றுக்காகச் சுமக்க வேண்டாம்.

கேள்வி: ஆசிரியர் இன்னும் முடிக்காத வரிசையைத் தொடங்கலாமா?
– வாசகர், ஜெலுத்தோங்

முதல் பாகம் தன் கதையைத் தானே ஓரளவு கட்டி முடிக்கிறதா என்று பாருங்கள். முடிக்கிறது என்றால் தாராளமாகத் தொடங்கலாம். உர்சுலா லெ குவினின் 'எர்த்ஸீ' வரிசையில் 1968இல் வந்த முதல் நாவல் அப்படிப்பட்டது. சிறிய நூல், அதோடு நிறுத்தினாலும் ஒரு முழுக் கதை படித்த நிறைவு இருக்கும். ஜார்ஜ் ஆர்.ஆர். மார்ட்டினின் 'எ சாங் ஆஃப் ஐஸ் அண்ட் ஃபயர்' அப்படியன்று. 1996இல் தொடங்கியது, ஐந்தாம் பாகம் 2011இல் வந்தது, ஆறாவதுக்காக வாசகர்கள் காத்துக்கிடக்கிறார்கள். முடிவு தெரியாமல் நிற்பதைத் தாங்க முடியாதவர் இதைத் தொடங்காமல் இருப்பதே மேல். பாத்திரங்களோடு வாழ்ந்தாலே போதும் என்பவர் இன்றே எடுக்கலாம்.

கேள்வி: படிக்க முடியாத நாவலை ஒலிநூலாகக் கேட்டால் ஓடுமா?
– வாசகி, கெப்போங்

பாதி நேரம் ஓடும். எது ஓடும் என்பதில்தான் விஷயம். பெயரும் உச்சரிப்பும் தடையாக இருந்தால் நல்ல குரல் அதைத் தீர்த்துவிடும். நிலக்காட்சி வர்ணனை அதிகம் உள்ள நாவலும் காதுக்கு இதமாக இருக்கும். ஆனால் பல கண்வழி மாறி மாறிப் போகும் நாவலை ரயிலில் நின்றுகொண்டு கேட்டால், அறிவிப்புச் சத்தத்தில் ஒரு பெயர் தவறினாலும் அரை மணி நேரக் கதை போய்விடும். 800 பக்க நாவல் ஒலிநூலில் ஏறக்குறைய 28, 30 மணி நேரம் வரும். போக முக்கால் மணி, வர முக்கால் மணி என்று கேட்டால் 20 வேலை நாள். முதல் இரண்டு மணி நேரத்தை மட்டும் வீட்டில் நூலைக் கையில் வைத்துக்கொண்டு கேளுங்கள். பெயர் எழுத்தும் ஓசையும் ஒன்றாகப் பதிந்துவிடும். கேட்கும் வேகத்தை 1.25க்கு மேல் ஏற்ற வேண்டாம்.

கேள்வி: என் மகன் படிவம் 2. ஃபேன்டசி என்றால் உயிர். ஆனால் எந்த நூலை எடுத்தாலும் 30, 40 பக்கத்தில் போட்டுவிடுகிறான். கடந்த ஆறு மாதத்தில் ஒன்பது நூல். இது கெட்ட பழக்கமாகிவிடுமா?
– ஒரு தாய், செராஸ்

ஒன்பது நூலை எடுத்துப் பார்க்கும் பிள்ளைக்குப் படிக்கும் ஆசை இருக்கிறது, அம்மா. முதலில் அதை மனத்தில் வையுங்கள். திட்ட வேண்டாம், "தொடங்கினால் முடிக்கணும்" என்று கட்டாயப்படுத்தவும் வேண்டாம். அந்த ஒன்பதையும் மேசையில் பரப்பி, ஒவ்வொன்றிலும் எங்கே நிறுத்தினான் என்று அவனையே காட்டச் சொல்லுங்கள்.

எல்லாவற்றிலும் ஏறக்குறைய ஒரே இடத்தில், அதாவது முதல் சண்டையோ முதல் மந்திரமோ முடிந்து விளக்கம் தொடங்கும் இடத்தில் நிறுத்தியிருந்தால், மொழிதான் பெரும்பாலும் தடையாக இருக்கும். வசனம் ஓடியது, நீண்ட வாக்கியம் வந்ததும் மூச்சு முட்டியது. நிறுத்திய பக்கத்தை வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். பொருள் தெரியாத ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு விரலை மடக்கட்டும். ஒரே பக்கத்தில் ஐந்து விரலும் மடங்கினால் அந்த நூல் இப்போதைக்கு அவனுக்கு உயரம். அதை மேலடுக்கில் வையுங்கள். ஒன்றரை வருடத்தில் இறங்கி வரும். அதற்குள் 200 பக்கத்துக்குள் அடங்கும் நூல்களைக் கொடுங்கள். ஒன்றை முடித்த ருசி தெரிந்தால் அடுத்ததை அவனே தேடுவான்.

ஒரு விரல்கூட மடங்கவில்லை, ஆனாலும் நிறுத்துகிறான் என்றால் தேர்வில் பிழை. 14 வயதுப் பையன்கள் பலர் அட்டையில் இருக்கும் டிராகனைப் பார்த்து எடுக்கிறார்கள், உள்ளே அரசவைப் பேச்சு நடக்கிறது. அப்படியானால் வாங்குவதை நிறுத்திவிட்டு நூலகத்துக்குப் போங்கள். டத்தாரான் மெர்டேக்கா பக்கம் கோலாலம்பூர் நூலகமும், ஜாலான் துன் ரசாக்கில் தேசிய நூலகமும் இருக்கின்றன. அங்கேயே உட்கார்ந்து முதல் அத்தியாயத்தைப் படித்துவிட்டு, அடுத்த அத்தியாயம் தெரிந்தே ஆக வேண்டும் என்று தோன்றுகிற நூலை மட்டும் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள்.

பள்ளியில் வாசிப்புப் பதிவு கேட்கிறார்கள் என்பதற்காகப் படிக்காத நூலை முடித்ததாக எழுத விட்டுவிடாதீர்கள். பதிவுக்கு முடித்த சிறு நூல்களே போதும்.

கேள்வி: விட்டுவிட்ட நாவல்கள் வீட்டில் இடத்தை அடைக்கின்றன. என்ன செய்வது?
– வாசகர், பாயான் லெப்பாஸ்

மூன்று பிரிவாகப் பிரியுங்கள்: நிச்சயமாகத் திரும்ப மாட்டேன், ஒருவேளை திரும்பலாம், இரவல் வாங்கியது. மூன்றாவதை இந்த வாரமே திருப்பிக் கொடுங்கள். படித்து முடிக்கவில்லை என்று சொல்வதில் வெட்கம் ஒன்றுமில்லை.

முதல் பிரிவு வெளியே போகட்டும். பினாங்கில் சௌராஸ்தா சந்தை மாடியில் பழைய புத்தகக் கடைகள் இருக்கின்றன. எடுத்துப் போகும் முன் அட்டையைக் காய்ந்த துணியால் துடைத்து, உள்ளே செருகிய தாள்களை எடுத்துவிடுங்கள். வரிசை நாவல் என்றால் முதல் பாகத்தைத் தனியே விற்காதீர்கள். நடுப்பாகங்களைத் தனியாக வாங்க ஆள் கிடைப்பது அரிது; கட்டாகக் கொடுத்தால் எல்லாமே போகும். பென்சில் புள்ளிகளை அழித்துவிடுங்கள். விலை பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம். ஓரம் பழுப்பேறி, பூஞ்சை வாடை அடிக்கும் நூலை அவர்களும் எடுக்க மாட்டார்கள்.

இந்தப் பூஞ்சைதான் இரண்டாம் பிரிவுக்கு எதிரி. நம் ஊர்க் காற்றில் ஈரப்பதம் பெரும்பாலும் 80 விழுக்காட்டை ஒட்டியே இருக்கும். 65, 70ஐத் தாண்டினாலே தாளில் பூஞ்சை பிடிக்கத் தொடங்கும். அட்டைப் பெட்டியில் போட்டுக் கட்டிலுக்கு அடியில் தள்ளினால் ராமபாணப் பூச்சி பசையையும் தாளையும் அரித்துவிடும். மூடி இறுகப் பொருந்தும் 20 லிட்டர் பிளாஸ்டிக் பெட்டி வாங்குங்கள். நூல்களை ஒரு நாள் குளிர்சாதன அறையில் விரித்து வைத்து ஈரம் போக்கிய பிறகே அடுக்குங்கள். ஈரத்தோடு மூடினால் பெட்டியே பூஞ்சைக்கு வீடாகிவிடும். நிறம் மாறும் சிலிக்கா ஜெல் 200 கிராம் துணிப்பையில் போட்டு மேலே வையுங்கள். நிறம் மாறியதும் சூட்டில் காயவைத்துத் திரும்பப் போடலாம். வெயிலில் நூலைக் காயவைக்காதீர்கள், முதுகுப் பசை வெடித்துவிடும்.

வாங்கிய ரசீதுகளை மட்டும் எறிய வேண்டாம். வருமான வரியில் வாழ்க்கைமுறைச் சலுகையாக ஆண்டுக்கு 2,500 வெள்ளி வரை கழிவு உண்டு. நூல்கள் அதில் அடங்கும். முடித்தீர்களா விட்டீர்களா என்று அங்கே யாரும் கேட்பதில்லை.

கேள்வி: விட்ட நாவலுக்குச் சில வருடம் கழித்துத் திரும்பினால் எங்கிருந்து தொடங்குவது? பாதி படித்த நூலுக்கு நட்சத்திரம் போடலாமா?
– வாசகி, பிரிக்ஃபீல்ட்ஸ்

விடும் அன்றே ஒரு சிறு தாளில் நான்கு விஷயம் எழுதி, நிறுத்திய பக்கத்தில் செருகிவிடுங்கள்: தேதி, பக்க எண், நிறுத்திய காரணம், அந்த இடத்தில் யார் என்ன செய்துகொண்டிருந்தார். காரணத்தைக் கறாராக எழுதுங்கள். "சலிப்பு" என்று மட்டும் எழுதினால் ஐந்து வருடம் கழித்து ஒன்றும் புரியாது. "நாயகி எடுக்கும் எந்த முடிவுக்கும் விளைவே இல்லை", "தேர்வு நேரம், தலையில் ஏறவில்லை" என்று எழுதினால் திரும்பலாமா கூடாதா என்பது தாளிலேயே தெரிந்துவிடும். முதல் வகைக் காரணம் நூலுடையது, மாறாது. இரண்டாவது உங்கள் காலத்துடையது, மாறியிருக்கும்.

ஆறு மாதத்துக்குள் என்றால் விட்ட இடத்துக்கு ஓர் அத்தியாயம் முன்னால் தொடங்குங்கள். அதைத் தாண்டிவிட்டால் முதல் பக்கத்திலிருந்துதான். ஏற்கெனவே தெரிந்த உலகம் என்பதால் முன்பு எடுத்த நேரத்தில் பாதிகூட ஆகாது, முதல் தடவை கண்ணில் படாமல் போனவையும் தெரியும்.

நட்சத்திரம் போட வேண்டாம். முடிவைப் பார்க்காமல் முழு நூலுக்கு மதிப்பெண் கொடுப்பது நியாயமாகாது. எந்தப் பக்கத்தில், எதனால் நிறுத்தினீர்கள் என்று இரண்டு வரி எழுதுங்கள். அடுத்து வாங்க நிற்பவருக்கு அதுதான் உதவும். ஸ்டோரிகிராஃப் செயலியில் முடிக்காமல் விட்டது என்று குறிக்கத் தனி வசதி உண்டு. வாசகர் தளமான குட்ரீட்ஸில் தனி அடுக்கு ஒன்று உருவாக்கி அதில் போடலாம். 'படித்துக்கொண்டிருக்கிறேன்' என்ற அடுக்கிலேயே விட்டு வைக்காதீர்கள்.